மாலு யார்?

என் அத்தைக்கு முப்பது வருஷ காலமாக ஒரு சந்தேகம். மாலு என்று ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள்; தன் புருஷனுக்கும் அவளுக்கும் ஏதோ இருந்திருக்கிறது என்று.

இதை அத்தை யாரிடமும் சொன்னதில்லை. மாமியாரிடம் சொல்லக்கூடிய சமாசாரமா, என்ன? நாத்தனாரிடம், அதாவது என் அம்மாவிடம், சொன்னால் மறுநாளே திண்டிவனம் கடைத்தெரு வரைக்கும் போய்விடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்து, மாமாவுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டு, அந்த மாலுவையும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டாள்.

தொடர்கதைப் பக்கத்தில் வரவேண்டியது இங்கே தப்பி வந்துவிட்டதோ என்று பார்க்கிறீர்களா? இல்லை. நான் சொல்ல வந்தது யுத்தத்திலிருந்து வீடு திரும்பியவர்களின் மனத்தைப் பற்றி. அந்த மனத்துக்குச் சிகிச்சை செய்வதையே ஜீவனமாகக் கொண்டவர்களைப் பற்றி. ஆனால் அத்தையின் சந்தேகத்தை விட்டுவிட்டு அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாமாவும் அத்தையும் "எழுதிக்கொள்" என்று சம்மதம் கொடுத்துவிட்டார்கள். பேர் மட்டும் போடாதே என்றார்கள். போடவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கம் இருக்கிறது வல்லம். அது என் அம்மா பிறந்த ஊர். ராஜா தேசிங்கின் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸிலோ காரிலோ அந்தப் பக்கத்து ஊர்களைத் தாண்டித்தான் போகிறார்கள். இறங்கிப் பார்க்க அங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. பாறையும் கொல்லையுமான பூமி. மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மல்லாட்டை. பட்டணத்தில் நீங்கள் வேர்க்கடலை என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை.

அந்த ஊரிலிருந்து என் தாய்மாமா 1984-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1987 ஜூலையில் இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போயிற்று அல்லவா? அதில் மாமாவும் போனார். வயது இருபத்திரண்டு. 1990 மார்ச்சில் அந்தப் படை முழுவதும் திரும்பிவிட்டது. ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. மாமா உடம்பில் ஒரு கீறல் கூட இல்லாமல் திரும்பினார். ஆயா, அதாவது என் பாட்டி, திரௌபதி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். மறு வருஷம் கல்யாணம். பிறகு 2000-இல் பென்ஷனோடு ஊருக்கே வந்துவிட்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. லீவுக்கு வல்லம் போனால், மாமா விஷயத்தில் சில சட்டங்களை ஆயா எங்களுக்கு ஓதிவிடுவாள். மாமா தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது. வாசற்படியில் நின்று கூப்பிட வேண்டும். பின்னாலிருந்து ஓடி வந்து கட்டிக்கொள்ளக் கூடாது. மாமா எப்போதும் சுவரை ஒட்டித்தான் உட்காருவார். அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. பட்டாளத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான். நீ போய் மல்லாட்டை உரி" என்பாள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு நாங்கள் வல்லத்தில் இருந்தோம். விடியற்காலை முதல் சரவெடி வெடித்ததுமே மாமாவைக் காணோம். அத்தை ஒரு தூக்குப் பாத்திரத்தில் இட்டிலியும் அதிரசமும் வைத்து என் கையில் கொடுத்து, "மோட்டார் கொட்டகையில் இருப்பாரு, கொடுத்துட்டு வா" என்றாள். போனேன். பம்பு செட்டை ஓட விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார் மாமா. வேஷ்டியெல்லாம் ஈரம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "பட்டாசு வெடிக்கலையா நீ?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

1987 அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்தில் கடும் சண்டை நடந்தது என்பதும், அந்த வருஷத் தீபாவளியும் அதே மாதத்தில் வந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது வெகு காலத்துக்குப் பின்னால்.

2022-இல் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "போர்வீரர்களுக்கு மனோதத்துவ சிகிச்சை செய்கிறார்களாமே, அதைப் பற்றி நம் வாசகிகளுக்குப் புரிகிற மாதிரி எழுதேன்" என்றார். புஸ்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த வைத்தியத்தின் ஆதி கர்த்தாக்களில் ஒருவர் நம்முடைய நீலகிரியில் பாடம் படித்தவர் என்று தெரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

அவர் பெயர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1864-இல் இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பாதிரியார்; திக்குவாயைக் குணப்படுத்துவதில் பேர் போனவர். பிள்ளைக்கோ ஆயுள் பரியந்தம் திக்குவாய்! அப்பாவின் வித்தை வீட்டில் பலிக்கவில்லை. பேச வராமல் தவிப்பது எப்படியிருக்கும் என்று அநுபவித்து அறிந்தவர், பிற்காலத்தில் பேச்சிழந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

ரிவர்ஸ் முதலில் டாக்டர். பிறகு கேம்பிரிட்ஜில் மனோதத்துவ ஆசிரியர். 1901-1902-இல் அவர் உதகமண்டலத்துக்கு வந்து தோடர்களுடன் பழகினார். அந்த அநுபவத்தை 'தோடர்கள்' என்ற பெயரில் 1906-இல் எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் கேட்டு எழுதுவது அவருடைய முறை. ஆனால் தோடர்களுக்கு இறந்துபோன தம் உறவினரின் பெயரை உச்சரிப்பது ஆகாது. ரிவர்ஸ் வற்புறுத்தவில்லை. அந்தக் குடும்பத்துப் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டார். இன்னொரு சங்கதியையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்: அவருக்கு ரகசியச் சடங்குகளைச் சொன்ன சிலருக்குக் கஷ்டங்கள் நேர்ந்தன, சொல்லக் கூடாததைச் சொன்னதால் வந்த வினை என்று தோடர்கள் நினைத்தார்கள். ஒருவருடைய வாயிலிருந்து ஒரு சேதியை வரவழைப்பது விளையாட்டல்ல, சொன்னவன் அதற்கு விலை கொடுக்கிறான் என்பதை ரிவர்ஸ் நீலகிரியில் பார்த்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் உலக யுத்தம் மூண்டது. பதுங்கு குழிகளில் மாதக்கணக்கில் பீரங்கிக் குண்டுக்கு நடுவே கிடந்த சிப்பாய்கள் விநோதமான வியாதிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கண்ணில் கோளாறில்லை, பார்வை இல்லை. தொண்டையில் புண்ணில்லை, பேச்சு இல்லை. கை கால் உதறல், பயங்கரச் சொப்பனம். ரிவர்ஸின் மாணவராக இருந்த சார்லஸ் மையர்ஸ் என்பவர் 1915-இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் இதற்கு 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயரை அச்சேற்றினார். பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 80,000 பேருக்கு இந்த வியாதி என்று கணக்குச் சொல்கிறார்கள்.

பல மேலதிகாரிகளின் அபிப்பிராயம் என்ன தெரியுமா? "கோழைத்தனம்!" ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையினர் தங்கள் ஆட்களையே சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. வைத்தியர்களிலும் முரட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். லண்டனில் லூயிஸ் யெலண்ட் என்பவர் பேச்சிழந்த சிப்பாயை ஓர் அறையில் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சி, பேசுகிற வரைக்கும் விடமாட்டேன் என்றார். சிப்பாய் பேசினான். பேசாமல் என்ன செய்வான்?

ரிவர்ஸின் வழி வேறு. 1915-இல் மெகல் என்ற ஊர் ஆஸ்பத்திரியிலும், 1916 முதல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தருகே கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை பார்த்தார். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நோயாளி சொல்வதைக் கேட்டார். அவ்வளவுதான். அவ்வளவும்தான்!

அங்கே வந்த ஒவ்வோர் அதிகாரியிடமும் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்த புத்திமதி ஒன்றே: "அதையெல்லாம் மறந்துவிடு. நல்லதையே நினை." டாக்டர்களும் அதையே சொல்லியிருந்தார்கள். சகோதரிகளே, நாமும் அதைத்தானே சொல்கிறோம்? ஆனால் பகலெல்லாம் பிரயத்தனப்பட்டு மறந்தவர்களுக்குத்தான் ராத்திரியில் சொப்பனம் அதிகமாக வருகிறது என்று ரிவர்ஸ் கண்டார். 1917 டிசம்பரில் லண்டன் வைத்திய சங்கத்தில் ஒரு பிரசங்கம் செய்து இதை எடுத்துச் சொன்னார். அதில் அவர் சொன்ன இரண்டு பேருடைய கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒருவர் இளம் அதிகாரி. காணாமல் போன சிநேகிதனைத் தேடிப் போனவர், அவன் உடல் குண்டு பட்டுச் சிதறித் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டார். அன்று முதல் ராத்திரி தோறும் சிநேகிதன் அதே கோலத்தில் வருகிறான். தூங்கவே பயம். ரிவர்ஸ் யோசித்து ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்: "உடல் அப்படிச் சிதறிக் கிடந்ததென்றால், அவர் அந்த க்ஷணமே இறந்திருக்க வேண்டும். காயம் பட்டு நாள் கணக்கில் துடித்துச் சாகிற துன்பம் அவருக்கு இல்லை." அந்த அதிகாரியின் முகம் தெளிந்ததாம். சில நாள் சொப்பனமே இல்லை. பிறகு ஒரு ராத்திரி வந்தது. அதே மைதானம், அதே உடல். ஆனால் பயம் இல்லை. சிநேகிதன் பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவனுடைய சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்கிறார்.

இன்னொருவருக்கு நேர்ந்ததை உங்களிடம் விவரிக்க எனக்கு மனமில்லை. குண்டு வெடித்து வீசியடித்ததில் ஓர் அழுகிய பிணத்தின் மேல் முகம் பதிய விழுந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஞாபகத்தில் நல்லதாக எடுத்துக் காட்ட ஒன்றுமே இல்லை. ரிவர்ஸ் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் படையை விட்டு விலகினார். முன்பே கொஞ்சம் நிம்மதி கொடுத்திருந்த நாட்டுப்புற வாழ்க்கையை நாடிப் போனார். இந்த இரண்டாவது கதையைச் சொன்னதால்தான் முதல் கதையை நான் நம்பினேன்.

இப்படிச் சிகிச்சை செய்தவருக்கு மனச் சங்கடம் இல்லாமலா இருக்கும்? 1917 ஜூலையில் கவிஞர் ஸீக்ஃப்ரீட் சஸூன் அங்கே அனுப்பப்பட்டார். வீரப் பதக்கம் பெற்ற அதிகாரி அவர். இந்த யுத்தம் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது, இனி நான் சண்டை போடமாட்டேன் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். விசாரணை வைத்தால் ஊர் சிரிக்கும் என்று, பைத்தியம் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ரிவர்ஸும் அவரும் பேசினார்கள், பேசினார்கள், நாலு மாதம் பேசினார்கள். கடைசியில் சஸூன் தாமாகவே போர்முனைக்குத் திரும்பினார். ஆனால் குணப்படுத்தி அனுப்புவது எங்கே? மறுபடியும் அதே பீரங்கி வாய்க்கு! ராணுவ உடுப்பு அணிந்த டாக்டரான ரிவர்ஸை இந்தக் கேள்வி சொப்பனத்திலும் வந்து உலுக்கியது என்று அவரே எழுதினார். சஸூன் பிழைத்து 1967 வரை இருந்தார். ரிவர்ஸ் 1922-இல் 58-ஆவது வயதில் திடீரென்று காலமாகிவிட்டார்.

அப்புறம் எத்தனையோ யுத்தங்கள். வியாதிக்கு எத்தனையோ பெயர்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலையைப் பார்த்த பிறகு, 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் சங்கம் இதைத் தன் அதிகாரபூர்வமான பட்டியலில் சேர்த்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். தமிழில் 'மனவடு' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவிலேயே இருந்து வைத்தியம் பார்த்த மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்க் கையேடு எழுதினார். நம் நாட்டில் 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல ஸ்தாபனம் ஏற்பட்டு, மனோதத்துவ சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி தர ஆரம்பித்தது. இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் சொல்வது அதைத்தான்.

மனநோய் மருத்துவர் வேறு, மனோதத்துவ சிகிச்சையாளர் வேறு. முன்னவர் டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுப்பார். பின்னவர் மாத்திரை எழுதமாட்டார். சோதித்துப் பார்த்து, பேச வைத்து, பழக்கி, முறைப்படி வாரா வாரம் சிகிச்சை செய்வார். பல பேருக்கு இரண்டு பேருடைய உதவியும் வேண்டியிருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை திண்டிவனம் போய், பஸ் மாறி, வல்லத்தில் இறங்கினேன். மாமா கொல்லைக்குப் போயிருந்தார். அத்தை மல்லாட்டை அவித்துக்கொண்டிருந்தாள். "அத்தே, மாமாவுக்கு இப்பவும் தூக்கத்தில் தொந்தரவு உண்டா?" என்று கேட்டேன்.

அத்தை அடுப்பை ஒரு தரம் தள்ளிவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு முப்பது வருஷத்து மாலு வெளியே வந்தாள்.

"கல்யாணம் ஆன மூணாம் மாசத்திலிருந்தே இதுதான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கிவாரிப் போடும். 'மாலு... மாலு...'ன்னு புலம்புவாரு. அவ என்ன ஆனாளோ, இவரு என்ன செஞ்சாரோ. கேட்டா அடுத்த நாள் பூரா சோறு தின்னமாட்டாரு. நானும் கேட்கிறதை விட்டுட்டேன்."

"மாலு மட்டும்தானா அத்தே? வேறே ஏதாவது சொல்வாரா?"

"மாலு நயி, மாலு நயி-ன்னு. நயின்னா என்னவோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட நாளில் இந்திப் பிரசார சபைப் பரீட்சைக்குப் படித்தவள் நான். "அத்தே, அது பொம்பளைப் பேரில்லை. 'மாலூம் நஹீ'ன்னு இந்தி. 'தெரியாது'ன்னு அர்த்தம்" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"எதைத் தெரியாதுங்கிறாரு?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

மாமாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது சுலபமாக இல்லை. "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். ஊரில் என்ன சொல்வார்கள் என்றார். பட்டாளத்துக்காரனுக்குக் கௌரவம் போய்விடும் என்றார். கடைசியில் அத்தைதான், "உங்களுக்கு வேண்டாம், எனக்கு வேணும். முப்பது வருஷமா நானும் தூங்கலை" என்றாள். அதற்கு மாமாவிடம் பதில் இல்லை.

முதலில் ஒரு டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். பிறகு ஓர் அம்மையார். பல வருஷம் சிப்பாய்களுக்கும் முன்னாள் சிப்பாய்களுக்கும் சிகிச்சை செய்து பழகிய மனோதத்துவ நிபுணர். நான் ஏதோ மந்திர தந்திரம் எதிர்பார்த்தேன். முதல் இரண்டு தடவை அவர் யுத்தத்தைப் பற்றியே கேட்கவில்லையாம். தூக்கம் எப்படி, மல்லாட்டை விலை எப்படி என்று கேட்டார். மூச்சை நிதானமாக விடப் பழக்கினார். மனத்துக்குள் ஓர் அபாயச் சங்கு இருக்கிறது, யுத்த களத்தில் உயிரைக் காப்பாற்ற அது ஊதியது, வீடு வந்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் ஊதிக்கொண்டிருக்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார். அப்புறம், பல வாரம் கழித்து, "சொல்ல முடியுமா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, அன்று நடந்ததை இன்று நடப்பது போல ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு தரமல்ல, வாரா வாரம், அதையே திரும்பத் திரும்ப.

"அதையே எதுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்றாங்க?" என்று அத்தை என்னைக் கேட்டாள். நான் புஸ்தகத்தில் படித்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா பதில் சொல்லிவிட்டார்: "ஈர மல்லாட்டையை அப்படியே மூட்டை கட்டி வச்சா என்ன ஆகும்? உள்ளே சூடேறிப் பூசணம் பூத்துடும். களத்தில் கொட்டிப் பரப்பி, வெயில்லே காலால் துழாவித் துழாவிக் காய வைக்கணும். அதுதான்."

மூட்டையில் இருந்தது என்ன என்பதை மாமாவே ஒருநாள் அத்தையிடம் சொன்னார். பயங்கரமான ரத்தக் களரியை எதிர்பார்த்திருந்த எனக்கு அது மிகவும் சின்ன விஷயமாகத் தோன்றியது, கேட்ட முதல் நிமிஷம் மட்டும்.

அந்த அக்டோபரில் ஒரு சாலையில் படை நடந்து போய்க்கொண்டிருக்கிறது. யாரிடமும் நிற்கக் கூடாது, பேசக் கூடாது என்று உத்தரவு. வேலியோரத்திலிருந்து ஒரு கிழவி ஓடி வருகிறாள். வரிசையில் வருகிறவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "தம்பி, என்ர பிள்ளையை எங்கயும் கண்டனீங்களோ?" என்கிறாள். அத்தனை பேரில் இவன் முகம் தமிழ் முகம் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மாமா அவள் கையை எடுத்துவிட்டு, "மாலூம் நஹீ" என்று சொல்லிவிட்டு நடந்தார். தமிழ் தெரியாதவர் போல. கிழவி அங்கேயே நின்று, "தமிழ் தெரியாதாக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது மாமாவின் காதில் விழுந்தது.

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் குண்டுகளும் சாவுகளும் மாமா பார்த்தார். பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு நடுங்கியது அவற்றால். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வந்து எழுப்பினவள் அந்தக் கிழவிதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வியட்நாம் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே என்ற மனநோய் மருத்துவர் இதற்கும் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்: மனச்சாட்சியில் பட்ட காயம். பயத்தினால் வந்த காயத்துக்கும் இதற்கும் வைத்தியத்தில் வித்தியாசம் உண்டு. "இப்போது ஆபத்தில்லை" என்று சொன்னால் பயம் ஆறலாம். மனச்சாட்சி அதைக் கேட்டு என்ன செய்யும்?

அந்த அம்மையார், "நீங்கள் செய்தது தப்பில்லை" என்று சமாதானம் சொல்லவில்லையாம். "இருபத்திரண்டு வயதுப் பையன், உத்தரவில் நடந்து போகிறான். அவனிடம் வேறு என்ன பதில் இருந்தது?" என்று கேட்டாராம். மாமா ஒரு வாரம் யோசித்தார். "தமிழ்ல சொல்லியிருந்தாலும் 'தெரியாதும்மா'ன்னுதான் சொல்லியிருப்பேன். அவ பிள்ளையை நான் பார்க்கலை. ஆனா தமிழ்ல சொல்லியிருக்கலாம்" என்றார். அந்த ஒரு "அம்மா"தான் அவர் தொண்டையில் நின்றுவிட்டது. யுத்தத்தில் அதிகாரிகளுக்குத் திக்குவாயும் சாதாரணச் சிப்பாய்களுக்கு ஊமைத்தனமும் அதிகம் வந்ததாக ரிவர்ஸ் குறித்துவைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு மாமாவின் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமென்ன?

மாமாவுக்குப் பூரணமாகக் குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. தீபாவளியன்று இன்னும் மோட்டார் கொட்டகைக்குத்தான் போகிறார். இப்போது அத்தையும் கூடப் போகிறாள். சொப்பனம் மாதத்துக்கு ஒன்றிரண்டு. வந்தால் அத்தை விளக்கைப் போட்டு, "இது வல்லம்" என்கிறாள். அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தது அந்த அம்மையார்.

எங்கள் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்தி, பதினெட்டாம் நாள் சண்டையைக் கூத்தாக ஆடுவார்கள். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். செத்தவனுக்காக ஒப்பாரியும் உண்டு. ஜெயித்த பக்கத்துத் தெய்வத்தின் கோயிலிலேயே தோற்றவனுக்கு அழுவார்கள். ஊர் கூடி நின்று யுத்தத்தை முழுக்கக் கேட்டு அழுதுவிட்டுத்தான் மாலையில் தீமிதிக்குப் போவார்கள். மாமா படுகளத்துக்கு மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை. ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று ஆயா சொல்வாள். அதையும் நாங்கள் பக்தி என்றுதான் நினைத்திருந்தோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கலாம். போலீஸ்காரர், தீயணைப்புக்காரர், விபத்தில் தப்பியவர் இருக்கலாம். தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். "மறந்துவிடு" என்றும் சொல்லாதீர்கள். அவராகச் சொல்ல வந்தால், கையிலிருக்கும் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு மேல் வேண்டியதைச் செய்யப் படித்தவர்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் ஆரம்பித்த 'டெலி மானஸ்' என்ற அரசாங்க ஏற்பாட்டில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். படையினருக்கென்று 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவும் திறந்திருக்கிறார்கள்.

போன மாதம் வல்லம் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் ஏற்றிவிட மாமா கூட வந்தார். நிறுத்தத்தில் ஒரு கிழவி, தலையில் துணி மூட்டையோடு, "ஏம்ப்பா, திண்டிவனம் பஸ்ஸு போயிட்டுதா?" என்று கேட்டாள்.

எந்தக் கேள்விக்கும் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லாத என் மாமா, "இன்னும் வரலைம்மா. பத்து நிமிஷம் ஆகும். மூட்டையை இப்படி வையி. இது பெரிய பஸ்ஸு, படி உயரமா இருக்கும், நான் ஏத்திவிடறேன். திண்டிவனத்தில் யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"மகன் இருக்கான்" என்றாள் கிழவி. பிறகு அந்த மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் வந்து நிற்கிற வரைக்கும் மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.